வக்கீல் லிங்கனைப் பற்றி மேடையில் எதைச் சொல்லலாம்?

கேள்வி: நான் சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவி. ஆபிரகாம் லிங்கன் கல்லூரிக்கே போகாமல் வழக்கறிஞரானார், நியாயமில்லாத வழக்கை அவர் தொட்டதே இல்லை என்று கருத்தரங்கில் பேசவிருக்கிறேன். அவர் பொய்ப் பஞ்சாங்கம் காட்டிக் கொலை வழக்கில் வென்றவர் என்கிறார் என் தோழி. எதைச் சொல்லலாம், எதை விடலாம்?

பதில்: முதல் செய்தியைத் தயங்காமல் சொல்லுங்கள். அக்காலத்து இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞராவதற்குச் சட்டப் பட்டம் தேவைப்படவில்லை. நன்னடத்தைச் சான்றும், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் வழங்கும் உரிமமும் இருந்தால் போதும். மற்றவர்கள் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் அமர்ந்து படித்தபோது, லிங்கன் வழக்கறிஞர் ஜான் டாட் ஸ்டூவர்ட்டிடம் நூல்களை இரவல் வாங்கித் தனியாகவே படித்து, 1836 செப்டம்பரில் உரிமம் பெற்று, மறு ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் அதே ஸ்டூவர்ட்டின் கூட்டாளியானார். தாம் எவரிடமும் சேர்ந்து படிக்கவில்லை என்று 1855இல் ஓர் இளைஞருக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது செய்தியை விட்டுவிடுங்கள், அது உண்மையன்று. 1841இல், நேன்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்காக எழுதப்பட்ட கடன் பத்திரம் செல்லாது என்று வாதிட்டு வென்ற அதே லிங்கன், 1847இல் கென்டக்கியைச் சேர்ந்த ராபர்ட் மேட்சன் என்ற அடிமை உடைமையாளருக்காக வாதாடினார். அடிமைமுறைக்கு இடமில்லாத இல்லினாயிலிருந்த தம் பண்ணைக்கு மேட்சன் அழைத்துவந்து இரண்டாண்டுகளுக்கு மேல் வைத்திருந்த ஜேன் பிரயன்ட்டும் அவருடைய பிள்ளைகளும் இன்னும் மேட்சனின் அடிமைகளே என்பதுதான் அந்தத் தரப்பின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்காமல் அவர்களை விடுவித்தது. நாடிவந்த கட்சிக்காரருக்கு வாதாடுவதே தொழில் என்று கருதிய காலத்து வழக்கறிஞர் அவர் என்று இதை விளக்கலாம். மறைத்தால் கேள்வி நேரத்தில் நீங்கள்தான் திணறுவீர்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகளில் பெரும்பகுதி கடன் வசூல் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். ரயில்வே நிறுவனம் ஒன்றுக்கு வரி வழக்கில் வென்று கொடுத்துவிட்டு, 5,000 டாலர் கட்டணத்துக்காக அந்த நிறுவனத்தின் மீதே 1857இல் வழக்குத் தொடுத்தவர் அவர். எனக்குப் பிடித்த லிங்கன் இவர்தான்.

பஞ்சாங்க வழக்கைச் சற்று விரிவாகவே பேசுங்கள். 1858இல் பியர்ட்ஸ்டவுனில், பழைய நண்பரின் மகன் டஃப் ஆம்ஸ்ட்ராங்குக்காக லிங்கன் கட்டணமின்றி வாதாடினார். இரவு பதினொரு மணியளவில் நல்ல நிலவொளியில் தாக்குதலைத் தெளிவாகக் கண்டதாகச் சாட்சி உறுதியாகக் கூறினார். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்த பிறகே, அந்த 1857 ஆகஸ்ட் 29ஆம் நாள் அந்நேரத்தில் நிலவு அடிவானத்தை நெருங்கிவிட்டதைக் காட்டும் பஞ்சாங்கத்தை லிங்கன் எடுத்து நீட்டினார். சாட்சியை முதலிலேயே மடக்கியிருந்தால் அவர் நேரத்தை மாற்றிச் சொல்லித் தப்பியிருப்பார். குறுக்கு விசாரணை கற்கும் உங்களுக்கு இந்த வரிசைதான் முக்கியம். பஞ்சாங்கம் போலி என்ற வதந்தி அப்போதே கிளம்பிற்று. ஆனால் பிற்கால வானியல் கணக்குகளும் நிலவு அன்று நள்ளிரவையொட்டி மறைந்ததையே காட்டுகின்றன. தோழியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.