ரீபண்ட் கேட்டால் ‘ஆள் இல்லை’ என்கிறார்கள். வரி அலுவலகக் காலியிடத்துக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் திருப்பூரில் ஜாப் ஒர்க், அதாவது பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடும், சாயப்பட்டறை நடத்துகிறார். ஜிஎஸ்டி ரீபண்டுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்காகிறது. ஆபீசில் போய்க் கேட்டால் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். இதற்கு யார் பொறுப்பு, நாம் கேட்கலாமா, கேட்டால் நம்மைக் குறித்து வைத்துக்கொள்வார்களா என்பதுதான் அவருடைய கவலை.

கேட்கலாம். தாமதத்துக்கு வட்டியையும் கேட்கலாம், காலியிடத்துக்கு விளக்கத்தையும் கேட்கலாம். இரண்டுமே சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமை.

நான் ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்திலிருந்து இங்கே பனியன் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் கணக்குப் பார்க்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காக இந்த ரீபண்ட் எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாயத்துக்கும் பெரும்பாலான கெமிக்கலுக்கும் பட்டறைக்காரர் 18 சதவீத வரி கொடுத்து வாங்குகிறார். துணிக்குச் சாயம் போட்டுத் தரும் கூலிக்கு 5 சதவீதம்தான் வசூலிக்கிறார். கட்டியது அதிகம், வசூலித்தது குறைவு. மிச்சம் வரிக் கணக்கில் வரவாக, கிரெடிட்டாக, தேங்குகிறது. தேங்கியதைத் திருப்பித் தருவதுதான் ரீபண்ட். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகளை மூடி, கழிவுநீரைச் சொட்டுக்கூட நொய்யலில் விடாத முறைக்கு மாறிய பிறகு இந்தத் தொழிலில் செலவு எப்படி ஏறியது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டிய ஊர் இது. ரீபண்ட் தள்ளிப்போனால் பேங்க் ஓவர்டிராப்ட் கடன், அதுவும் தீர்ந்தால் வெளிவட்டி. அரசாங்கம் தரும் மானியம் என்று யாராவது நினைத்தால் தப்பு. கட்டிய பணத்தைத்தான் கேட்கிறோம்.

ஆள் இல்லை என்ற பதிலை நான் ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது. ஆள் இல்லாதது எப்போதும் ஒரே பக்கத்தில்தான் உறைக்கிறது. 3பி ரிட்டன் என்ற ஜிஎஸ்டி கணக்கு அறிக்கையை ஒரு நாள் பிந்திப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தை, வியாபாரமே இல்லாத நில் ரிட்டனாக இருந்தால் 20 ரூபாயை, ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டலே கணக்குப் போட்டு வைத்துவிடும். அதற்கு யாரும் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ரிட்டன் போடாவிட்டால் நோட்டீசைக்கூடக் கம்ப்யூட்டரே அனுப்பிவிடுகிறது. ரீபண்டுக்கு மட்டும் ஒரு மனிதர் பைலைத் திறந்து, பில்லைப் பார்த்து, ஆர்டர் போட வேண்டும். ஆகவே ஒரு வரிவிதிப்பு வட்டத்தில் நாலு பணியிடம் காலியாக இருந்தால் வசூல் பெரிதாகக் குறையாது. திருப்பிக் கொடுப்பதுதான் நிற்கும். வசூல் குறையாத வரை மேலே இருப்பவர்களுக்கு அந்தக் காலியிடம் கண்ணிலேயே படாது.

வட்டியிலும் இதே கதைதான். நாம் வரியைப் பிந்திக் கட்டினால் ஆண்டுக்கு 18 சதவீதம். விண்ணப்பம் கிடைத்து 60 நாளுக்குள் அவர்கள் ரீபண்டைத் தராவிட்டால் அதற்கு மேல் ஆகும் நாட்களுக்கு 6 சதவீதம். அந்த 60 நாள் போக 4 லட்சம் ரூபாய் ஐந்து மாதம் நின்றால் அவர்கள் தர வேண்டியது 10,000 ரூபாய். அதே தொகையை அதே காலம் நாம் நிறுத்தி வைத்திருந்தால் 30,000 ரூபாய் கட்டியிருப்போம். இந்த 6 சதவீதமாவது கேட்காமல் தானாக வந்து நான் பார்த்ததில்லை. தாமதப்படுத்துவது இத்தனை மலிவாக இருக்கும்போது ஆளைப் போட வேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வரும்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

அந்தக் கோபத்தைச் சீட்டில் இருப்பவர்மேல் காட்டாதீர்கள். ஒரு ஆபீசில் நான் கேட்டபோது அந்த அதிகாரி சொன்னார்: “நானும் என்னங்க பண்ணட்டும்? என் சீட்டு ஒண்ணு, கூடுதல் பொறுப்பு ரெண்டு. காலையில இங்க, மத்தியானம் பக்கத்து வட்டத்துல. கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஆடிட்ல நான்தானுங்க பதில் சொல்லணும்.” அவர் சொன்னது பொய்யில்லை. பார்க்க நேரமில்லாத பைலில் கையெழுத்துப் போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. தப்பாக ரீபண்ட் கொடுத்தால் அவர் சம்பளத்துக்கே ஆபத்து. கொடுக்காமல் வைத்திருந்தால் அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. போலி பில் போட்டு ரீபண்ட் வாங்கும் கும்பல்களும் இருப்பதால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

அதனால்தான் கேள்வியை ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும் என்கிறேன். ஒரு பணியிடம் காலியாகக் கிடப்பது மழை பெய்யாதது போலத் தானாக நடப்பதில்லை. மாநில வணிக வரித் துறையில் உதவி ஆணையர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 1 வழியாக ஆள் எடுக்கிறார்கள், அதற்குக் கீழுள்ள பதவிகளுக்குக் குரூப் 2 இருக்கிறது. மத்திய ஜிஎஸ்டி இன்ஸ்பெக்டர்களை எடுப்பது எஸ்எஸ்சி என்ற மத்தியப் பணியாளர் தேர்வாணையம். துறை தன் காலியிடத்தைக் கணக்கெடுத்துத் தேர்வாணையத்துக்கு எழுதி அனுப்பினால்தான் அறிவிக்கையே வரும். அனுப்பிய தேதி என்று ஒன்று உண்டு, அந்தத் தேதியில் ஒருவருடைய கையெழுத்தும் உண்டு. அனுப்பாமல் இருந்தால் அதுவும் ஒருவர் எடுத்த முடிவுதான். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று எங்கே பார்த்தாலும் குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் லைப்ரரியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

மனசு வைத்தால் நடக்கும் என்பதற்கு 2018 மார்ச் சாட்சி. ஜிஎஸ்டி வந்த முதல் மாதங்களில் ஏற்றுமதியாளர்களின் ரீபண்ட் மலையாகத் தேங்கி, திருப்பூரில் பலருக்கு அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்கப் பணமில்லாமல் போனது. கூக்குரல் டெல்லிவரை போன பிறகு மத்திய வரி வாரியம் மார்ச் 15 முதல் 29 வரை ரீபண்டுக்கென்றே சிறப்பு இருவாரம் நடத்தித் தேங்கியதில் கணிசமான பகுதியைத் தீர்த்துக் கொடுத்தது. புதிதாக ஆள் எடுத்தா செய்தார்கள்? இருந்த ஆட்களை அந்த வேலைக்குத் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

ஜிஎஸ்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் கதை இதைவிடக் கொடுமை. 2017 சட்டத்திலேயே அது இருக்கிறது. அதன் உறுப்பினர் அமைப்பு பற்றிய விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது; சட்டத்தைத் திருத்தி, தலைவரை நியமித்து, தீர்ப்பாயத்தைத் தொடங்கிவைக்க 2025 செப்டம்பர் 24 ஆகிவிட்டது. அதுவரை முதல் மேல்முறையீட்டில் தோற்ற ஒரு பட்டறைக்காரர் அடுத்துப் போக வழி ரிட் மனுவோடு உயர் நீதிமன்றம்தான். சின்னத் தொகைக்கு யார் சென்னை போய் வக்கீல் வைப்பார்கள்? எத்தனையோ பேர் விட்டுவிட்டார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் ஜிஎஸ்டி எண் மாநில அதிகாரியிடம் இருக்கிறதா, மத்திய அதிகாரியிடம் இருக்கிறதா என்று போர்ட்டலில் பாருங்கள். 1.5 கோடிக்குக் கீழே வியாபாரம் உள்ளவர்களில் 90 சதவீதம் பேர் மாநிலத்திடம், அதற்கு மேல் பாதிப் பாதி என்று பிரித்திருக்கிறார்கள். தப்பான ஆபீசில் போய் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனு கொடுப்பதும் இந்த விஷயத்துக்கு உதவாது, கலெக்டருக்கு இதில் அதிகாரமில்லை.

அடுத்து, விண்ணப்பம் போட்ட 15 நாளுக்குள் ஆர்எஃப்டி-02 என்ற ஒப்புகை வந்ததா அல்லது ஆர்எஃப்டி-03 என்ற குறைக் குறிப்பு வந்ததா என்று பாருங்கள். 03 வந்திருந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், 60 நாள் கணக்கும் புதிதாகத்தான் ஓடும். 02 கொடுத்த பிறகு 03 கொடுக்கக் கூடாது என்று மத்திய வாரியத்தின் 2019 நவம்பர் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. 60 நாள் தாண்டியிருந்தால் வட்டியைக் கணக்குப் போட்டுத் தொகையைக் குறிப்பிட்டே கடிதம் கொடுங்கள். 2025 செப்டம்பரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம், உங்களைப் போன்றவர்களின் ரீபண்டிலும் மோசடி ஆபத்து குறைவு என்று கம்ப்யூட்டர் காட்டினால் 90 சதவீதத்தை முன்கூட்டியே தரப் பரிந்துரைத்தது. இனிப் போடும் விண்ணப்பத்தில் அதையும் கேளுங்கள்.

கூடவே 10 ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு. ‘ஏன் தாமதம்’ என்று கேட்டால் பொத்தாம் பொதுவாகப் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்த அலுவலகத்தில் பதவிவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்று பணியில் இருப்பவர் எத்தனை, ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதியிலிருந்து காலி, கூடுதல் பொறுப்பில் இருப்பவர் யார், அயல்பணியில் போனவர் எங்கே, காலியிடத்தை நிரப்பக் கோரி மேலே எழுதிய கடிதங்களின் நகல், 60 நாள் தாண்டிய ரீபண்ட் விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் வட்டி கொடுத்தது எத்தனைக்கு. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தால் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

எங்கள் பகுதிச் சங்கம் ஒரு வட்டத்தைப் பற்றி இப்படிக் கேட்டு வாங்கிய பதிலில், ரீபண்ட் பார்க்க வேண்டிய ஒருவரை ஓராண்டுக்கும் மேலாகச் சரக்கு வண்டிகளை மறித்துச் சோதிக்கும் பறக்கும் படைக்கு அனுப்பியிருப்பது தெரிந்தது. அந்தப் பதிலை இணைத்து மேலதிகாரிக்கும் எம்எல்ஏவுக்கும் மனு கொடுத்தோம். பறக்கும் படைக்குப் போனவர் தன் சீட்டுக்குத் திரும்பினார்.

குறித்து வைத்துக்கொள்வார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் உங்கள் பேரில் போட வேண்டாம். சங்கப் பொறுப்பாளர் ஒருவர் தன் பேரில் போடட்டும், பத்துப் பட்டறையின் பிரச்சினையாக அது போகட்டும். வட்டிக் கடிதம் மட்டும் உங்கள் பேரில்தான் போக வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.