வெண்குறுமீனை ஒட்டிச் சுற்றும் பெருங்கோள்: அங்கே எப்படி வந்தது?

கேள்வி: மண்டபத்தில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். செத்துப்போன விண்மீன் ஒன்றை வியாழன் அளவுள்ள கோள் நெருங்கிச் சுற்றுவதாகப் படித்தேன். அதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? எங்கள் 6 அங்குலத் தொலைநோக்கியில் அது தெரியுமா?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது, கோள் தேடும் டெஸ் விண்கலத்தின் துணையுடன் 2020-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.டி. 1856 பி என்ற கோளாக இருக்க வேண்டும். சுமார் 80 ஒளியாண்டு தொலைவில், டிராகோ விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒரு வெண்குறுமீனை, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் எச்சத்தை, அது 34 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது.

விளக்கத்தைக் கடற்கரை மணலிலேயே தொடங்கலாம். ஒரு கோலிக்குண்டை வையுங்கள், அதுதான் வெண்குறுமீன். அதிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி ஓர் உரித்த தேங்காயை வைத்தால் அது கோள். ஆம், கோள்தான் ஏழு மடங்கு பெரியது. இப்போது ஒரு மாணவரைக் கோலியிலிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால் நடக்கச் சொல்லுங்கள். சூரியனைப் போன்ற விண்மீன் எரிபொருள் தீரும் காலத்தில் செம்பெருமீனாக ஊதும்போது ஏறத்தாழ அவ்வளவு தூரம் பரவிவிடும். தேங்காய் இருக்கும் இடம் அன்று விண்மீனின் வயிற்றுக்குள் இருந்தது என்பதால், கோள் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்திருக்க முடியாது.

விழுங்கப்பட்ட கோள், விண்மீனின் வாயுப் போர்வைக்குள் சுழன்று உள்ளிறங்கி, தன் ஆற்றலால் அப்போர்வையையே உதறித் தள்ளியது என்பது ஒரு விளக்கம். வியாழனைப் போல் 50 மடங்குக்கும் மேற்பட்ட நிறையுள்ள ஒரு பழுப்புக் குறுமீன் (கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட பொருள்) இப்படித் தப்பியதற்குச் சான்று உண்டு. ஆனால் இந்தக் கோளின் நிறை, வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீட்டின்படி, வியாழனைப் போல் ஆறு மடங்கைத் தாண்டாது. அவ்வளவு சிறிய உடல் அத்தனை பெரிய போர்வையை உதறுவது கடினம் என்பதால், அடுத்த விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அதன்படி, கோள் வெகுதொலைவில் பிழைத்திருந்தது. விண்மீன் தன் நிறையில் பெரும்பகுதியை இழந்ததும் கோள்களின் பாதைகள் விரிந்து, ஒன்றையொன்று குலைத்திருக்கலாம். அல்லது அந்த வெண்குறுமீனோடு ஈர்ப்பால் பிணைந்து தொலைவில் உள்ள இரண்டு செங்குறுமீன்களின் (சிறிய, மங்கிய சிவப்பு விண்மீன்களின்) ஈர்ப்பு நெடுங்காலம் இழுத்து, பாதையை நீள்வட்டமாக்கியிருக்கலாம். நீண்ட பாதையில் கோள் ஒவ்வொரு முறை நெருங்கும்போதும், பாம்பன் கடலில் நிலா ஓதம் எழுப்புவது போலவே, வெண்குறுமீன் கோளின் உடலைப் பிசைந்தது. அந்தப் பிசைவில் சுற்றுப்பாதையின் ஆற்றல் வெப்பமாகக் கரைய, பாதை சுருங்கி வட்டமாகியது. அந்த வெப்பமும் எப்போதோ ஆறிவிட்டது. இன்று கோளின் வெப்பநிலை சுமார் மைனஸ் 87 பாகை செல்சியஸ்.

உங்கள் தொலைநோக்கியில் கோள் மட்டுமல்ல, அந்த விண்மீனும் தெரியாது. அதன் ஒளித்தரம் 17 (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கலாகும்). 6 அங்குலக் கருவியில் கண்ணுக்கு எட்டுவது 13 வரைதான். வேறொரு வெண்குறுமீனைக் காட்டலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரி, பிப்ரவரி முன்னிரவுகளில், ஓரியனின் கால்மீனான ரீஜலுக்கு மேற்கே, நீட்டிய கையின் மடக்கிய முட்டியால் ஒன்றரை அளவு தள்ளி 40 எரிடானி என்ற விண்மீன் இருக்கிறது. அதன் அருகே 9.5 ஒளித்தரத்தில் தெரியும் புள்ளி, 16 ஒளியாண்டு தொலைவிலுள்ள வெண்குறுமீன். அரிச்சல்முனையில் இரவில் தங்க விடமாட்டார்கள் என்பதால், விளக்கொளி குறைந்த ஊர்க்கரை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். உப்புக்காற்று படிந்த கண்ணாடி வில்லையை மட்டும் துணியால் தேய்த்துவிடாதீர்கள்.