சைக்கிளுக்குப் பின் கேரியர்: கேள்வியும் பதிலும்

கேரியர் வாங்குவது, மாட்டுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவது பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் போல்ட் இரண்டும்தான். சீட்டுக்குக் கீழே வரும் மேல் கம்பிகளின் முக்கிய வேலை, கேரியர் முன்னும் பின்னும் சாயாமல் பிடித்துக்கொள்வது. கீழே உள்ள பதில்களில் பாதி இதிலிருந்து வருபவை.

அண்ணா, புதுசாக கியர் சைக்கிள் வாங்கினேன். எந்த கேரியரும் பொருந்துமா?

பொருந்தாது. குனிந்து சைக்கிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். அச்சுக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் மரை போட்ட சின்ன ஓட்டை இருக்கிறதா? சீட்டுக்குக் கீழே இறங்கும் மெல்லிய பின் குழாய்களிலும் அதே மாதிரி ஒரு ஜோடி இருக்கிறதா? நான்கும் இருந்தால் கவலையே இல்லை. பெரும்பாலும் அவை எம்5, அதாவது 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள போல்ட்டுக்கானவை. சில ஃபிரேம்களில் பெயின்ட் மரையை அடைத்திருக்கும். போல்ட்டின் முதல் இரண்டு மூன்று சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் ஆலன் கீ போட்டு முறுக்காதீர்கள், மரை போய்விடும். எம்5 டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்தபிறகு மாட்டுங்கள். சக்கர அளவையும் பார்த்து வாங்குங்கள். 26 அங்குலச் சக்கரத்துக்கென்று செய்த கேரியர் 29 அங்குலச் சக்கரத்தில் டயரை உரசும்.

ஓட்டையே இல்லை சார். சீட் கம்பியைக் கவ்வும் கேரியர் போடலாமா?

ரெயின்கோட், பஞ்சர் சாமான் வைக்க என்றால் போடுங்கள். அதில் மொத்தச் சுமையும் ஒரே கிளாம்பில் தொங்குகிறது. கொஞ்சம் கனமானால் பக்கவாட்டில் திரும்பிவிடும். அந்த வகை பெரும்பாலும் 10 கிலோ அல்லது அதற்கும் குறைவாகத்தான் தாங்கும். கார்பன் சீட் கம்பியில் வேண்டவே வேண்டாம்.

அதைவிட நல்ல வழி இருக்கிறது. மேலே, சீட் கம்பியை இறுக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு, கேரியருக்கான ஓட்டையோடு வரும் வளையத்தைப் போடலாம். கீழே, அச்சிலேயே கால் உட்காரும் கேரியராக வாங்குங்கள். கீழ் ஓட்டைக்குப் பதிலாக ரப்பர் வைத்த கிளாம்பைக் குழாயில் மாட்டுகிறவர்கள் உண்டு. பாரம் ஏற ஏற அது வழுக்கிக் கீழே இறங்கும். மேல் பக்கத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

என்னுடையது டிஸ்க் பிரேக். கேரியர் கால் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகத்தில்) இடிக்கிறது. வாஷர் அடுக்கித் தள்ளி வைக்கலாமா?

நானும் அதைத்தான் செய்தேன். அரை விரல் நீளத்துக்கு வாஷர் அடுக்கி, நீளமான போல்ட் போட்டேன். சில மாதம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் மேட்டில் ஏறும்போது இடது பக்கம் டக்கென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் போல்ட்டின் தலை வாஷர்களோடு போய்விட்டது, மரைப் பகுதி ஃபிரேமுக்குள்ளேயே நிற்கிறது. முறிந்த இடத்தை உற்றுப் பார்த்தேன். பாதி பழுப்பேறிக் கிடந்தது, பாதி பளபளவென்று இருந்தது. பல நாளாகவே விரிசல் விட்டு, மிச்சம் இருந்தது அன்றைக்கு முறிந்திருக்கிறது.

கேரியர் கால் ஃபிரேமோடு ஒட்டி இறுகியிருந்தால் அந்த இறுக்கமே சுமையைப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி கூடினால் ஒவ்வொரு குழிக்கும் போல்ட் வளைந்து வளைந்து நிமிர்கிறது. அதனால் டிஸ்க் பிரேக்குக்கென்றே கால் அகலமாகச் செய்த கேரியரை வாங்குங்கள். ஃபிரேமுக்குள் முறிந்த போல்ட்டை எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அனுபவித்தவன் சொல்கிறேன்.

இரும்பா, அலுமினியமா?

அன்றாடப் பயன்பாட்டுக்கு அலுமினியம் போதும், எடையும் குறைவு. தினமும் கனமான சுமை என்றால் இரும்பு. உடைந்தாலும் சாதாரண வெல்டிங்கில் ஒட்டவைக்கலாம்.

அண்ணா, மாட்டி ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் லொடலொடவென்று ஆடுகிறது.

நான்கு போல்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டுங்கள். கேரியரின் மேல்தட்டு தரைக்குச் சமமாக நிற்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதை இழுத்துப் பொருத்தினால் கம்பி விறைப்பாகவே நிற்கும், அதிர்வில் போல்ட் கழன்றுகொண்டே இருக்கும். மரையில் நீல நிற லாக்டைட் (போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள். முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை எல்லாவற்றையும் சரிபாருங்கள், அப்புறம் மாதம் ஒருமுறை.

செயின் பக்கத்துப் போல்ட்டில் இன்னொரு சங்கதி. அது நீளமாக இருந்தால் நுனி உள்ளே நீண்டு, செயின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு வரும்போது உரசும். அந்த கியரில் போட்டுப் பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

பக்கப் பை மாட்டினால் பெடல் மிதிக்கும்போது குதிகால் இடிக்கிறது.

பையின் கொக்கிகளை நகர்த்திப் பையைப் பின்னால் தள்ளுங்கள். ரொம்பவும் தள்ளிவிடாதீர்கள். பாரம் அச்சுக்குப் பின்னால் போகப் போக மேட்டில் முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில் அலையும். கனமான பொருளைப் பையின் அடியில், முன்பக்கமாக வையுங்கள்.

கேரியரில் 25 கிலோ என்று எழுதியிருக்கிறது. பையனை உட்கார வைக்கலாமா?

வெறும் கேரியரில் வேண்டாம். குழந்தையின் கால் ஸ்போக்குக்குள் போக ஒரு நொடி போதும். கேரியரில் பொருத்தும் குழந்தை சீட் வாங்குவதானாலும், அந்த கேரியரைச் செய்தவர்கள் குழந்தை சீட் பொருத்தலாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சீட்டின் எடையும் குழந்தையின் எடையும் சேர்ந்துதான் கணக்கு. கால் வைக்கும் இடமும் வாரும் இல்லாத சீட்டை வாங்காதீர்கள்.

ரப்பர் கயிறு போட்டுக் கட்டினால் போதுமா?

போதும். மீதி நுனியைத் தொங்கவிடாமல் கேரியர் கம்பியிலேயே சுற்றிக் கொக்கியை மாட்டுங்கள், சக்கரத்தில் சிக்கினால் சக்கரமே நின்றுவிடும். கட்டி முடித்ததும் பின்னால் போய் நின்று, சிவப்பு விளக்கை மூட்டை மறைக்கிறதா என்று பாருங்கள். மறைத்தால் விளக்கைக் கேரியரின் பின் விளிம்புக்கு மாற்றிவிடுங்கள்.