15 வயது மகளுக்கு ஸ்கேனில் மட்டும் பிசிஓஎஸ் என்று வந்தால்

15 வயது மகளுக்கு ஸ்கேனில் பிசிஓஎஸ் என்று வந்து, மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பிசிஓஎஸ் என்பது சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு. ஸ்கேனை மட்டும் வைத்து 15 வயதுப் பெண்ணுக்கு அது இருப்பதாக முடிவுகட்ட முடியாது. பதின்வயதுப் பெண்களுக்கு ஸ்கேனைக் கொண்டு இதைக் கண்டறிய வேண்டாம் என்கிறது பிசிஓஎஸ் பற்றிய 2023 சர்வதேச மருத்துவ வழிகாட்டி. இந்த வயதில் சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைப்பைகள் நிறையத் தெரிவது சகஜம்.

மகள் 13-ல் வயதுக்கு வந்தாள் என்கிறீர்கள். அப்படியென்றால் ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்புதான். தேதிகளைக் காலண்டரில் குறித்து வாருங்கள். தாடையிலும் மேலுதட்டிலும் முடி அடர்த்தியாக வளர்கிறதா, முகப்பரு அதிகமா என்றும் பாருங்கள். இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பரிசோதனை கேளுங்கள். தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் பரிசோதனைகளையும் சேர்த்து.

90 நாளாகியும் மாதவிடாய் வரவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அப்புறம், "நாளைக்குக் குழந்தை பிறக்குமா" என்ற பேச்சை அவள் காதுபட எடுக்காதீர்கள். பிசிஓஎஸ் உறுதியானாலும் பெரும்பாலானோர் தாயாகிறார்கள்.