எடை குறைந்த சிமென்ட் குழம்புக்கு எந்த நுண்மணி? கேள்வி பதில்

எண்ணெய்க் கிணறுகளுக்கான ஜி வகை சிமென்ட்டில் அதன் எடையில் 44 சதவீதம் தண்ணீர் மட்டும் சேர்த்தால் குழம்பின் அடர்த்தி 1.90. கேசிங்குக்கு (கிணற்றில் இறக்கும் இரும்புக் குழாய்க்கு) பின்னால் இருக்கும் பாறை பலவீனமாக இருந்தால் அந்த எடையில் பிளந்து குழம்பைக் குடித்துவிடும். அதனால்தான் உள்ளே காற்றுள்ள நுண்மணிகளைச் சேர்த்து 1.20, சில கிணறுகளில் 1.05 வரைக்கும் இறக்குகிறோம். அந்த மணிகளைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. அடர்த்தி எல்லாம் கிராம்/மி.லி. கணக்கில்.

தண்ணீரைக் கூட்டினாலே எடை குறையுமே சார், மணி எதற்கு? (ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்)

1.50 போதும் என்றால் மணியே வேண்டாம். பென்டோனைட் களிமண்ணை உலர்வாகக் கலந்தால், சிமென்ட் எடையில் ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் 5.3 சதவீதம் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும். சோடியம் சிலிகேட் இன்னும் கீழே, 1.40 பக்கம் கொண்டுபோகும். அதற்கும் கீழே தண்ணீரால் இறங்கினால் கெட்டியாவது சிமென்ட் அல்ல, சேறு. வலு ஏறாது, வாயு ஊடுருவும், மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். மணி போட்டால் எடையைக் குறைப்பது தண்ணீர் அல்ல, காற்று. சிமென்ட்டைச் சுற்றியுள்ள தண்ணீர் அளவோடு இருக்கும். வலு நிற்பது அதனால்தான்.

2,600 மீட்டர் செங்குத்துக் கிணறு. 9⅝ அங்குலக் கேசிங், 12¼ அங்குலத் துளை. குழம்பு 1.20 வேண்டும். 4,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம் தாங்கும் 0.38 அடர்த்தி கண்ணாடி மணிக்கு விலைப்புள்ளி வந்திருக்கிறது. வாங்கலாமா? (மஸ்கட்டிலிருந்து ஒரு பொறியாளர்)

வாங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். 2,600 × 1.20 × 0.0981 = 306 பார். பம்ப் ஓடும்போது அன்யுலஸ் (கேசிங்குக்கும் துளைச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி) உராய்வு 15 பார் என்று வைத்தால் 321 பார், அதாவது 4,650 பிஎஸ்ஐ. கேசிங்கின் அடிமுனையான ஷூவுக்கு வந்து சேரும்போதே மணியின் வரம்பு தாண்டிவிட்டது.

இன்னொன்று. பையில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு 'ஒன்றுகூட உடையாது' என்று பொருள் இல்லை. அந்த அழுத்தத்தில் கன அளவில் 90 சதவீதம் தப்பும் என்றே பொருள். அதுவும் உலர்ந்த மணியை வாயு அழுத்தத்தில் வைத்துச் சோதித்தது. பம்ப் வால்வும் சிமென்ட் துகளும் உரசும் குழம்பில் அல்ல. ஆகவே உச்ச அழுத்தத்துக்கு மேல் 20 சதவீதம் விட்டுத்தான் எடுப்பேன். உங்களுக்கு 5,590 வருகிறது. 6,000 வகை எடுங்கள். 3எம் நிறுவனத்தின் எச்ஜிஎஸ் வரிசையில் 4000 என்பது 0.38, 6000 என்பது 0.46, 18000 என்பது 0.60. சுவர் தடிக்கத் தடிக்க வலு கூடும், மணியும் கனக்கும். 0.46 அடர்த்தியிலேயே 19,000 தாங்கும் மணியும் உண்டு, உங்கள் கிணற்றுக்கு அது வீண் செலவு.

உராய்வையும் சேர்த்தீர்களா என்று பலரைக் கேட்டால், பிளக் (குழம்புக்குப் பின்னால் அனுப்பும் அடைப்பான்) உட்காரும்போது ஏற்றும் அழுத்தத்தைச் சேர்த்துவிட்டு வருவார்கள். அது பிளக்குக்கு மேலே இருக்கும் திரவத்துக்குப் போகும். கீழே உள்ள குழம்புக்கு இறங்காது. ஸ்குவீஸ் வேலை (குழம்பை அழுத்தி இடைவெளிக்குள் திணிப்பது) என்றால் மட்டும் ஏற்றுகிற அழுத்தம் முழுதும் மணி மேல்தான்.

அப்படியானால் எத்தனை கிலோ மணி? (அதே பொறியாளர்)

100 கிலோ சிமென்ட்டுக்கு 90 லிட்டர் தண்ணீர் என்று வைப்போம். சிமென்ட் கன அளவு 100 ÷ 3.15 = 31.75 லிட்டர். மணி எடை ம கிலோ என்றால்:

190 + ம = 1.20 × (121.75 + ம ÷ 0.46)

ம = 27.3 கிலோ. மணியின் இடம் மட்டும் 59.3 லிட்டர், மொத்தம் 181 லிட்டர். அதில் திடப்பொருள் பாதி, 50 சதவீதம். பம்ப் செய்ய முடியும், ஆனால் டிஸ்பர்ஸன்ட் (குழம்பை இளக்கி ஓடவைக்கும் சேர்க்கை) தேவைப்படும். மற்ற சேர்க்கைகளை இதில் விட்டிருக்கிறேன், நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் 10 சதவீத மணி உடைந்தால்? 2.73 கிலோ மணி 5.93 லிட்டர் இடம் பிடித்திருந்தது. உடைந்த கண்ணாடியின் அடர்த்தி 2.5 அளவில், அதனால் இனி 1.09 லிட்டர்தான். குழம்பு 1.20-லிருந்து 1.23 ஆகும், கன அளவு 2.7 சதவீதம் சுருங்கும். 20 கன மீட்டர் இறக்கினால் அரை கன மீட்டருக்கு மேல் காணாமல் போகும். உங்கள் அன்யுலஸில் சிமென்ட்டின் தலை 18 மீட்டர் கீழே நிற்கும். பாறை பிளக்கும் அடர்த்திக்குக் கீழே நீங்கள் விட்டிருக்கும் இடைவெளி 0.05 என்றால், அதில் பாதிக்கு மேல் தின்றாயிற்று.

அனல் மின் நிலையச் சாம்பல் குளத்தில் மிதப்பதை அள்ளி விற்கிறார்களே, செனோஸ்பியர். கண்ணாடியைவிடப் பல மடங்கு மலிவு. அதைப் போட்டால் என்ன? (தூத்துக்குடி, சரக்கு வாங்கும் பிரிவு)

போடலாம், ஆழமற்ற கிணற்றில். ஆனால் கிலோ விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாம்பல் மணி 0.75 என்று வைத்து மேலே உள்ள கணக்கைப் போடுங்கள்: 27 கிலோவுக்குப் பதில் 73 கிலோ வேண்டும். திடப்பொருள் 59 சதவீதமாகி, குழம்பு கட்டியாகிவிடும்; தண்ணீரைக் கூட்டினால் வலு போகும். ஒரு கன மீட்டர் குழம்பில் சிமென்ட் 552 கிலோ இருந்தது 456 ஆகும். கேட்க வேண்டிய விலை, முடிந்த குழம்பு ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு என்பது.

அழுத்தம் அடுத்த சிக்கல். சாம்பல் மணி அனைத்தும் ஒரே வலுவோடு இருக்காது, அது உலையில் தானாக விளைந்த பொருள். சின்ன அழுத்தத்திலேயே சில உடையத் தொடங்கும், அழுத்தம் ஏற ஏற மணியின் சராசரி அடர்த்தியும் ஏறிக்கொண்டே போகும். எந்த அழுத்தத்தில் எவ்வளவு அடர்த்தி என்ற வரைபடம் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். 200 பாருக்கு மேல் நான் இதைப் போடமாட்டேன்.

வந்த சரக்கைச் சோதிக்க எளிய வழி உண்டு. 100 கிராமைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். மூழ்கியதை வடித்து, உலர்த்தி, நிறுங்கள். 5 கிராமுக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஓட்டையும் உடைசலும் அவை. கருப்பாக இருந்தால் எரியாத கரி இருக்கிறது, அது டிஸ்பர்ஸன்ட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆய்வகத்தில் 1.20-க்கு எடை போட்டுக் கலந்தேன். தராசில் 1.27 வருகிறது. எடையில் தப்பில்லை அண்ணா.

பிளெண்டரில் 12,000 சுற்றில் கலக்கியிருப்பீர்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) முறைப்படி நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 15 வினாடி, பிறகு 12,000-இல் 35 வினாடி என்பது சாதாரண சிமென்ட்டுக்கு. அந்த வேகத்தில் இறக்கை மணியை அடித்தே உடைத்துவிடும்.

இரண்டு வழி. மணியை விட்டுவிட்டு மற்றதை ஏபிஐ முறைப்படி கலந்து, கடைசியில் மணியைக் கரண்டியால் மெதுவாகக் கலப்பது ஒன்று. களத்தில் மணி சிமென்ட்டோடு உலர்வாகக் கலந்தே வருவதால், எல்லாவற்றையும் 4,000-லேயே நீண்ட நேரம் கலக்குவது இன்னொன்று. எனக்கு இதுவே பிடிக்கும். எவ்வளவு நேரம்? கலக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூன்றில் ஒன்று என்றால் நேரம் ஒன்பது மடங்கு: 35 × 9 = 315 வினாடி. ஐந்தே கால் நிமிடம்.

பிறகு உண்மையான சோதனை. குழம்பை அழுத்தக் கன்சிஸ்டோமீட்டரில் (குழம்பின் கெட்டித்தன்மையை அளக்கும் கருவி) கிணற்றின் வெப்பம், அழுத்தத்தில் அரை மணி நேரம் சுழல விட்டு, ஆறவைத்து எடுத்து, அழுத்தத் தராசில் மறுபடி நிறுங்கள். முன்னதைவிட 0.03-க்கு மேல் ஏறினால் மணியை மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: டயஃப்ரம் கிழிந்து எண்ணெய் உள்ளே வந்தால் குழம்பு லேசாகிவிடும், உடைந்த மணி மறைந்துகொள்ளும். மேற்பரப்பில் எண்ணெய் மினுமினுத்தால் அந்த அளவை வீசிவிடுங்கள்.

வேலையின்போது டென்சிட்டோமீட்டர் (அடர்த்தி மானி) விடாமல் 1.19, 1.20 காட்டியது. எடுத்து வைத்த மாதிரி மட்டும் இரண்டு நாளாகியும் நகத்தால் கீறினால் வருகிறது. ஏன்?

தண்ணீர் கூடியிருக்கிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அதற்குத் தெரியாது. மேலே சொன்ன கலவையில் சிமென்ட்டும் மணியும் சேர்ந்த பொடியின் அடர்த்தியே 1.40. தண்ணீர் 1.00. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் விகிதம் மாறினாலும் அடர்த்தி அசையாது. 90 லிட்டருக்கு 99 லிட்டர் விட்டால் குழம்பு 1.20-லிருந்து 1.19 ஆகும், அவ்வளவுதான். அதே 10 சதவீதத் தவறு சாதாரண ஜி குழம்பில் 1.90-ஐ 1.85 ஆக்கிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அப்போ எதைப் பார்த்து ஓட்டுவது?

கன அளவைப் பாருங்கள். தண்ணீருக்கு ஃப்ளோ மீட்டர், குழம்புக்குத் தொட்டி மட்டமும் வெளியேறும் அளவும். உள்ளே போன தண்ணீரைக் கழித்தால் பொடியின் கன அளவு தெரியும். திடப்பொருள் 50 சதவீதத்தில் நிற்கிறதா என்று அதை வைத்துச் சரிபாருங்கள். சின்ன வேலை என்றால் பேட்ச் மிக்ஸரில் மொத்தமாகக் கலந்து, அளந்து, பிறகு இறக்குவது நிம்மதி. தொட்டியில் மணிக்கணக்கில் சுற்றவிடாதீர்கள். சென்ட்ரிஃபியூகல் பம்ப்பின் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மணி போகும்.

சைலோவையும் கவனியுங்கள். 0.46-ம் 3.15-ம் ஒரே குழாயில் காற்றோடு பறந்தால் பிரியத்தான் செய்யும். லாரியில் குலுங்கி வந்த கலவையை ஒரு டாங்கிலிருந்து இன்னொன்றுக்கு மூன்று நான்கு முறை ஊதி மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் மாதிரி எடுங்கள்.

கெட்டியான மாதிரியின் மேல்பகுதி நுரைக்கல் போல லேசாக, அடிப்பகுதி கல்லாக இருக்கிறது.

மணி மிதந்துவிட்டது. பெரும்பாலும் குற்றவாளி டிஸ்பர்ஸன்ட்தான். குழம்பு ஓடவில்லை என்று கூட்டிக்கொண்டே போயிருப்பீர்கள். அதைக் குறையுங்கள், மைக்ரோசிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்காப் பொடி) 10 முதல் 15 சதவீதம் சேருங்கள். மணியின் அளவையும் பாருங்கள்: மிதக்கும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பின்தொடரும், அதனால் 150 மைக்ரான் மணி 40 மைக்ரான் மணியைவிட ஏறக்குறைய 14 மடங்கு வேகமாக ஏறும். சரியானதா என்று அறிய, குழாயில் ஊற்றி உறையவைத்த மாதிரியை ஐந்து துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள்ளும் வெளியிலும் நிறுத்து அடர்த்தி கண்டுபிடியுங்கள். மேலுக்கும் கீழுக்கும் 0.06-க்குள் இருக்க வேண்டும். கிணறு சாய்ந்திருந்தால் தண்ணீர் பிரியும் சோதனையை 45 பாகை சாய்வில் செய்யுங்கள், நேராக வைத்தால் நல்ல பிள்ளை போல நடிக்கும்.

பாண்ட் லாக்கில் (கேசிங்கோடு சிமென்ட் ஒட்டியிருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் பதிவு) சிமென்ட்டே இல்லை என்று வந்தது. மறுபடி ஸ்குவீஸ் செய்யச் சொல்கிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். லாக் பார்ப்பது ஒலித்தடையை, அதாவது அடர்த்தியை ஒலி வேகத்தால் பெருக்கிய எண்ணை. மெகாரேல் அலகில் தண்ணீருக்கு 1.5, சாதாரண சிமென்ட்டுக்கு 6 பக்கம். 1.20 குழம்பு உறைந்தால் 3 அளவில்தான் வரும். வழக்கமான வரம்பை வைத்துப் படித்தால் அது திரவம் போலத் தெரியும். யுசிஏ (மீயொலியால் சிமென்ட் வலுவை அளக்கும்) கருவியில் உங்கள் குழம்பின் ஒலி வேகத்தை எடுத்து, லாக் குழுவுக்கு ஓட்டும் முன்பே கொடுங்கள். யுசிஏ காட்டும் வலுவையும் அப்படியே நம்பாதீர்கள். அதன் சூத்திரம் சாதாரண சிமென்ட்டுக்கானது. கட்டி வார்த்து நசுக்கிப் பார்த்து ஒருமுறை ஒப்பிடுங்கள்.

கிணற்றின் அடி வெப்பம் 130 பாகை செல்சியஸ். எதையாவது மாற்ற வேண்டுமா?

110-க்கு மேல் சிமென்ட் வலு இழக்கும், அதனால் சிலிக்கா மாவு 35 சதவீதம். அது 2.65 அடர்த்தி, ஈடுகட்ட மணியும் கூடும். கண்ணாடி மணி என்றால் சூட்டில் சிமென்ட்டின் காரம் கண்ணாடியை அரிக்கும். 24 மணி நேர வலுவோடு நிறுத்தாமல் 7, 28 நாள் கட்டிகளையும் அதே வெப்பத்தில் வைத்து நசுக்குங்கள்.

நைட்ரஜன் நுரை சிமென்ட் இருக்கும்போது மணி தேவையா ஐயா?

கன அளவு பெரிதாக இருந்து நைட்ரஜன் வண்டியும் பழகிய ஆட்களும் இருந்தால் நுரை மலிவு. ஆனால் ஆழத்தில் வாயு சுருங்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நைட்ரஜன் அளவை மாற்ற வேண்டும், நுரை உடையாமல் நிற்கிறதா என்று நிரூபிக்கவும் வேண்டும். மெக்சிகோ வளைகுடாவில் நடந்த 2010 மகாண்டோ எண்ணெய்க் கிணற்று விபத்தில் இறக்கியது நுரைக் குழம்புதான். விசாரணைக் குழுவுக்காகப் பின்னர் நடந்த ஆய்வகச் சோதனைகளில் அந்தக் கலவையில் நுரை நிலைக்கவில்லை. சின்ன வேலை, தனிமையான ரிக், நைட்ரஜன் வண்டி வர வழியில்லை என்றால் மணிதான்.

பெர்லைட்?

அது மூடிய மணி அல்ல, திறந்த நுரைக்கல். அழுத்தத்தில் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், மேலே 1.40 காட்டியது கீழே 1.40 ஆக இருக்காது. குழம்பு தொலையும் இடத்தை அடைக்க வேண்டுமானால் போடுங்கள், எடை குறைக்க அல்ல.