இலவசமாகப் பார்த்தது எப்போது?

கேள்வி: ஒஹையோ ஸ்டேட் கால்பந்து ஆட்டங்களை இத்தனை வருடம் இலவசமாகப் பார்த்துவந்தோம். இப்போது ஒன்றுக்கு பீகாக் ஸ்ட்ரீமிங், இன்னொன்றுக்கு இ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் என்று தனித்தனியாகச் சந்தா கேட்கிறார்கள். கல்லூரி விளையாட்டில் இது நியாயமா?
- வாசகர், கொலம்பஸ், ஒஹையோ

பதில்: 'இலவசமாக' என்கிறீர்களே, எந்த வருடத்தில்?

1984-க்கு முன் என்றால், பாதி ஆட்டம் கண்ணிலேயே பட்டிருக்காது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (சாக்கர் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) டி.வி.யில் காட்டும் அதிகாரம் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. கையில் இருந்தது. அதன் கடைசித் திட்டப்படி ஓர் அணி இரண்டு வருடத்தில் ஆறு முறைக்கு மேல் டி.வி.யில் வரக்கூடாது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தப் பிடியை உடைத்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழக அணியில் ஆடிப் பெயர் வாங்கியவர். ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்தவர் கட்டுப்பாட்டின் பக்கம் நின்றார் என்பதை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை.

அதற்குப் பின் வந்த காலத்தையும் இலவசம் என்று சொல்ல மாட்டேன். கேபிள் பில்லில் சேர்த்து வாங்கினார்கள், நீங்கள் கவனிக்கவில்லை. 2011 வாக்கில் இ.எஸ்.பி.என். சுமார் 10 கோடி வீடுகளுக்குப் போனது. அந்தச் சேனலைத் திறந்தே பார்க்காத வீடும் மாதாமாதம் அதற்குப் பணம் கட்டியது. ரட்கர்ஸ், மேரிலாந்து பல்கலைக்கழகங்களை 2014-ல் பிக் டென் (உங்கள் ஒஹையோ ஸ்டேட் ஆடும் கான்ஃபரன்ஸ், அதாவது பல்கலைக்கழக அணிகளின் கூட்டணி) சேர்த்துக்கொண்டதும் இந்தக் கணக்கில்தான். கான்ஃபரன்ஸின் சொந்த எல்லைக்குள் இருக்கும் கேபிள் வீட்டிலிருந்து அதன் சேனலான பிக் டென் நெட்வொர்க்குக்குக் கிடைக்கும் தொகை வெளியூர் வீட்டைவிடப் பல மடங்கு. ரட்கர்ஸால் நியூயார்க் வீடுகளும், மேரிலாந்தால் வாஷிங்டன் வீடுகளும் எல்லைக்குள் வந்தன. அணி எப்படி ஆடியது என்பது இரண்டாம் பட்சம்.

இப்போது கேபிளை வெட்டிவிட்டு வீடுவீடாக வெளியேறுகிறார்கள். பார்க்காதவர் போய்விட்டார், அவர் பங்கும் பார்ப்பவர் தலையில் விழுகிறது. 2023 அக்டோபரில் ஒஹையோ ஸ்டேட் - பர்டூ ஆட்டம் பீகாக்கில் மட்டும் வந்தபோது அதன் மாதச் சந்தா 5.99 டாலர். 2025-ல் அது 10.99. அதே வருடம் ஆகஸ்டில் இ.எஸ்.பி.என். தனிச் சந்தா 29.99-க்கு வந்தது.

காசு கேட்பதில் எனக்குக் கோபமில்லை. ஆட்டத்தை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பூட்டிவைப்பதுதான் குற்றம். மேற்குக் கரை கான்ஃபரன்ஸான பேக்-12-இன் நிர்வாகத்தை இந்தப் பக்கத்தில் விடாமல் திட்டிவருவது அதற்காகத்தான். 2012-ல் சொந்தமாகவே சேனல் தொடங்கினார்கள்: தேசியச் சேனல் ஒன்று, வட்டாரச் சேனல்கள் ஆறு. பங்காளி வேண்டாம், லாபம் முழுக்க நமக்கே என்றார்கள். சாட்டிலைட் டி.வி. நிறுவனமான டைரக்டி.வி. கடைசிவரை அதை எடுக்கவில்லை. பிக் டென்னோ ஃபாக்ஸைப் பங்காளியாகச் சேர்த்து ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. 2023-ல் பேக்-12 கையில் மிஞ்சியது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் பேரம் மட்டும். அதிலும் வருமானம் எத்தனை பேர் சந்தா கட்டுவார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகஸ்ட் 4-ம் தேதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வேறு கான்ஃபரன்ஸுகளுக்குக் கிளம்பின. பன்னிரண்டில் கடைசியாக நின்றவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டுதான். மேல்நிலைப் பள்ளிப் பையன் டி.வி.யில் பார்க்காத அணியில் சேர நினைக்க மாட்டான். இந்த நஷ்டம் எந்த ஒப்பந்தத்தின் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

உங்கள் சந்தாவைவிட எனக்கு வலிக்கும் இடம் இன்னொன்று. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு இன்று அட்லாண்டிக் கடற்கரையின் பெயர் தாங்கிய கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. ஒரே பிக் டென்னில் ஆடும் லாஸ் ஏஞ்சல்ஸ் யு.சி.எல்.ஏ.வுக்கும் நியூஜெர்சி ரட்கர்ஸுக்கும் இடையே சுமார் 4,000 கி.மீ. கால்பந்து அணி வாரம் ஒரு முறைதான் ஆடும். வாலிபால், சாஃப்ட்பால் பெண்கள் வார நடுவிலும் விமானம் ஏறி, மூன்று மணி நேர வித்தியாசத்தோடு திரும்பி வந்து வகுப்பில் உட்கார வேண்டும். கால்பந்து டி.வி. பணத்துக்காகப் போட்ட கல்யாணத்தில் மொய் எழுதுவது இந்தப் பெண்கள். நியாயம் கேட்பதானால் இவர்களுக்காகக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். முதலில் ஆட்டம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். ஒளிபரப்பு உரிமை சொந்த மைதானத்தில் ஆடும் அணியின் கான்ஃபரன்ஸுக்கு. டெக்சஸ் பல்கலைக்கழகம் கொலம்பஸுக்கு வந்தால் அது பிக் டென் ஆட்டம். ஒஹையோ ஸ்டேட் டெக்சஸின் ஊரான ஆஸ்டினுக்குப் போனால் அது டெக்சஸின் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யின் ஆட்டம், இ.எஸ்.பி.என். குடும்பத்துக்குப் போய்விடும். பிக் டென்னின் பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் பகல் 12 மணிக்கு ஃபாக்ஸ், 3.30-க்கு சி.பி.எஸ்., இரவில் என்.பி.சி. இந்த மூன்றும், இ.எஸ்.பி.என். குடும்பத்தின் ஏ.பி.சி.யும் ஆன்டெனாவில் காசில்லாமல் கிடைக்கும். ஆன்டெனாவை மாடி ஜன்னலில், ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசை பார்த்து வைத்து, டி.வி.யில் சேனல் ஸ்கேன் போடுங்கள். கோபுரம் பக்கத்திலேயே இருந்தால் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றிவிடுங்கள். சிக்னல் அளவுக்கு மீறிப் போனாலும் படம் உடையும். பிக் டென் நெட்வொர்க் ஆன்டெனாவில் வராது. அதற்கு ஃபாக்ஸின் ஸ்ட்ரீமிங் சந்தாவான ஃபாக்ஸ் ஒன், 2025-ல் மாதம் 19.99. பீகாக் ஆட்டம் வரும் மாதத்துக்கு மட்டும் பீகாக் கட்டுங்கள். வருடச் சந்தா வேண்டாம். அதற்குப் பின் வரும் நாக்-அவுட் ஆட்டங்களை விட்டால், சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் கான்ஃபரன்ஸ் இறுதியோடு முடிகிறது. கார்டை நீக்கினால் போதாது, சந்தாவையே ரத்து செய்ய வேண்டும்.