மூளை நீரும் மூளை உறையும்: வாசகர் கேள்விகள்

கே: சோதனைக்கு எடுத்தால் மூளை நீர் வற்றிவிடாதா?

வற்றாது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் இந்த நீர் மொத்தம் 150 மி.லி. இருக்கும்; தினமும் 500 மி.லி. புதிதாகச் சுரக்கிறது. எடுப்பது 10 மி.லி.க்குள். அரை மணியில் ஈடாகிவிடும்.

கே: அடிக்கடி தலைவலி. மூளை நீர் கூடியிருக்குமா?

வயது இல்லை, எத்தனை நாளாக என்று இல்லை, பார்வை எப்படி என்று இல்லை. இதை வைத்து என்ன சொல்ல? குனிந்தால், இருமினால் வலி கூடுகிறதா, பார்வை நொடி நேரம் இருண்டு திரும்புகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அதே வாரம் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டுங்கள். பார்வை நரம்பின் வீக்கம் அங்கே தெரிந்துவிடும்.

கே: மூளைக் காய்ச்சல் என்று தம்பியைச் சேர்த்தோம். முதுகில் ஊசி குத்தி மூளை நீர் எடுத்தால் கால் விளங்காது என்றார்கள், கையெழுத்துப் போடவில்லை. மருந்திலேயே தேறி வருகிறான். செய்தது சரிதானே?

சரியில்லை. தேறி வருவது நல்லது. ஆனால் எந்த நோய் தேறுகிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி போவது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், அல்லது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு வேர்கள்தான் உண்டு. ஊசி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். சிசேரியனுக்கு மரத்துப்போக ஊசி போடுவதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். அதற்குத் தயங்காமல் கையெழுத்துப் போடும் குடும்பம், உயிர் காக்கும் சோதனைக்கு மறுக்கிறது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சாதாரண பாக்டீரியா என்றால் ஒன்றிரண்டு வார ஊசி மருந்து போதும். காசநோய் என்றால் 9 முதல் 12 மாதம் மாத்திரை, தொடக்கத்தில் ஸ்டீராய்டும் சேர்த்து. ஹெர்பிஸ் வைரஸ் என்றால் அசைக்ளோவிர். நீரில் சர்க்கரை குறைந்ததா, புரதம் ஏறியதா, எந்த வகை வெள்ளணு என்று பார்த்தால்தான் பிரிக்க முடியும். ஆன்டிபயாடிக் ஏறிய சில மணி நேரத்திலேயே கிருமி வளர்ப்புச் சோதனை பொய்த்துப்போகலாம். முதல் நாள் மறுத்து மூன்றாம் நாள் சம்மதித்தால் பாதிப் பலன் போய்விடும்.

ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பு, ஆழ்ந்த மயக்கம், பார்வை நரம்பு வீக்கம் இருந்தால் முதலில் சி.டி. எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். நீர் எடுக்கும்போதே ரத்தச் சர்க்கரையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால் நீரின் சர்க்கரை அளவுக்குப் பொருளில்லை.

கே: நீர் எடுத்தபின் எழுந்தாலே தலைவலி, படுத்தால் இல்லை.

துளை வழியே நீர் கசிகிறது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் சொந்த ரத்தம் 20 மி.லி. அங்கே செலுத்தி அடைப்பார்கள். காய்ச்சல் சேர்ந்தால் வீட்டில் இருக்காதீர்கள்.

கே: விபத்துக்குப்பின் ஒரு மூக்கில் மட்டும் தண்ணீர் போல ஒழுகுகிறது. சளியா?

குனியும்போது சொட்டினால், உப்புக் கரித்தால், மூளை நீராக இருக்கலாம். மூக்கைச் சிந்தாதீர்கள். சர்க்கரை பார்க்கும் பட்டையை நனைத்து மூளை நீர் என்று முடிவு செய்யாதீர்கள், மூக்கு நீரிலும் சர்க்கரை உண்டு. சுத்தமான குப்பியில் பிடித்து மூளை நீரை அடையாளம் காட்டும் புரதமான பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனைக்குக் கொடுங்கள். அந்த ஓட்டை வழியே கிருமி மூளை உறைக்கு ஏறும்.

கே: அப்பாவுக்கு 76. ஆறு வாரம் முன்பு வழுக்கி விழுந்தார், காயமில்லை. இப்போது எந்நேரமும் தூங்குகிறார். வயதா?

வயது என்று விட்டுவிடாதீர்கள். முதுமையில் மூளை சுருங்க, உறைக்கும் மூளைக்கும் இடையே செல்லும் சிரைகள் இழுபட்டிருக்கும். லேசான அடியில் அறுந்து, டியூரா எனப்படும் அந்த வெளி உறைக்கு அடியில் வாரக்கணக்கில் ரத்தம் சேரும். இன்றே சி.டி. எடுங்கள். பெரும்பாலும் மண்டையில் சிறு துளையிட்டு வடித்தாலே விழித்துக்கொள்வார். ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை, சி.டி. எடுக்கும் இடத்திலாவது சொல்லுங்கள்.